பைகுல்லாவின் டிஸ்கோவும் தாராவியின் ராப்பும்: எழுதப்படாத ஒரு தமிழிசை வரலாறு

மும்பைத் தமிழரின் இசை வாழ்வு குறித்து நம் கல்விப்புலத்தில் பேச்சு எழும்போதெல்லாம், அது மாட்டுங்காவில் தொடங்கிச் செம்பூரில் முடிந்துவிடுகிறது. 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபை, 1963இல் திறக்கப்பட்ட அதன் பேரரங்கம், அவ்வரங்கம் 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டெழுந்த வரலாறு, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் கச்சேரிகள் ஆகியவை நினைவுமலர்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் இடம்பெற்றுள்ளன. இடம்பெற வேண்டியவையே. தாராவியைப் பற்றிய பேச்சோ வேறு திசையில் செல்கிறது. தோல் பதனிடும் தொழில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள், குடிசைச் சீரமைப்பு, சாதி, தேர்தல் அரசியல் என்று அது விரிகிறது. அங்கே இசைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுவது அரிது. ஒரே நகரத்தின் தமிழரில் ஒரு சாராருக்குக் கலையும் மறு சாராருக்கு உழைப்பும் என்று நம் ஆய்வுமுறை தன்னையறியாமல் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

இந்தப் பங்கீட்டை மறுப்பதே இப்பதிவின் நோக்கம். மும்பைத் தமிழர் பாடிய டிஸ்கோவும் பாப்பும் ராப்பும், எம்மொழியில் அமைந்திருப்பினும், தமிழர் இசை வரலாற்றின் பகுதியே. அவ்வரலாற்றுக்கான ஆவணங்களை இப்போதே திரட்டத் தொடங்க வேண்டும். ஏன் இப்போதே என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் இரண்டு இசைப் பயணங்களைப் பார்ப்போம்.

முதலாவது உஷா உதுப்பின் பயணம். 1947இல் பிறந்து, பைகுல்லா காவலர் குடியிருப்பில் வளர்ந்த உஷா ஐயர் அவர். தந்தை பம்பாய்க் காவல்துறை அதிகாரி. குடும்பத்தின் வேர் சென்னையில். பள்ளி இசை வகுப்பில் தம்முடைய கனத்த குரல் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது இலங்கை வானொலியில் பாடும் வாய்ப்பை அமீன் சயானி அளித்தார். 1969இல் சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில், பட்டுப்புடவையும் பொட்டும் அணிந்து ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். அங்கிருந்து பம்பாய்க்கும், பின்னர் கல்கத்தாவின் டிரிங்காஸ் விடுதிக்கும் சென்றார்.

அந்த ஆண்டின் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை, பம்பாய் அலுவலகங்களில் தென்னிந்தியர் நிறைந்துவிட்டனர் என்ற பரப்புரையைத் தீவிரமாக நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1968இல் வெளிவந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற பாத்திரம் ஒரு ‘மதராஸி’ பாட்டு வாத்தியார். குடுமியும் உச்சரிப்பும் கர்நாடக இசை ஆலாபனையுமே அங்கு நகைப்புக்குரிய பொருள்கள். பம்பாயின் வெகுமக்கள் கற்பனையில் தமிழரின் இசை அவ்வாறுதான் ஒலித்தது. அடுத்த ஆண்டே, பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர் எவருக்கும் பழக்கமில்லாத தோற்றத்தில் மேடையேறினார். புடவையைக் களையவில்லை, தம் கனத்த குரலையும் மெலிதாக்கிக்கொள்ளவில்லை. விடுதி மேடைக்குரிய உடையும் குரலும் எவை என்று அதுவரை நிலவிய எதிர்பார்ப்பையே மாற்றினார்.

டிஸ்கோ அலை இந்தியாவை எட்டியபோது அவர் ஆயத்தமாக இருந்தார். ‘பியாரா துஷ்மன்’ (1980), ‘அர்மான்’ (1981), ‘டிஸ்கோ டான்சர்’ (1982) ஆகிய படங்களில் பப்பி லஹிரியின் இசையில் அவர் பாடிய பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. அவற்றுள் இரண்டு நேரடியாகவே மேலைப் பாடல்களைத் தழுவியவை. ‘ஹரி ஓம் ஹரி’ எரப்ஷன் குழுவினர் 1979இல் புகழ்பெறச் செய்த ‘ஒன் வே டிக்கெட்’டின் மெட்டில் அமைந்தது, ‘கோயி யஹான் நாச்சே நாச்சே’ பகிள்ஸ் குழுவினரின் பாடலிலிருந்து எழுந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. இரவல் மெட்டு, வங்காளி இசையமைப்பாளர், இந்திச் சொற்கள், தமிழ்க் குரல்: பம்பாயின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவை நான்கும் ஒன்றாயின. அந்நகரம் எவ்வாறு இசையைச் செய்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்த் திரைக்கும் அவர் அயலார் அல்லர். ‘மேல்நாட்டு மருமகள்’ (1975) படத்திலும், இளையராஜாவின் இசையில் ‘அஞ்சலி’ (1990) படத்திலும் பாடியிருக்கிறார். 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் பெற்றார். ஆனால் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை விகாஸ் குமார் ஜா இந்தியில்தான் முதலில் எழுதினார். அது பின்னர் ஆங்கிலத்துக்குச் சென்றது. தமிழ்க் கல்விப்புலம் அவரைத் தன் ஆய்வுப் பொருளாகப் பெரிதும் கருதியதில்லை. ‘அவர் எங்கே தமிழில் பாடினார்?’ என்ற கேள்வியே போதுமான மறுப்பாகக் கொள்ளப்படுகிறது.

இக்கேள்வியைச் சற்று நின்று ஆராய வேண்டும். டிஸ்கோவின் உலக வரலாறு இங்கு நமக்கு உதவும். 1970களின் இறுதியிலும் 1980களிலும் இத்தாலியக் குழுக்கள் ஐரோப்பிய நடன அரங்குகளை ஆண்டன. லா பியோண்டா என்ற சகோதரர் இருவர் ஆங்கிலத்தில் பாடினர். அவர்களே தயாரித்து அளித்த, தூரின் நகரத்து ரிகெய்ரா என்ற இருவர் குழு, 1983இல் ஸ்பானிய மொழியில் ‘வாமோஸ் அ லா பிளாயா’ என்ற பாடலை வெளியிட்டது. கடற்கரைக்கு அழைக்கும் களிப்பான பாடலாக ஒலிக்கும் அதன் சொற்கள் உண்மையில் அணுகுண்டு வெடித்த பின்னான கடற்கரையைப் பற்றியவை. ஆங்கிலமும் ஸ்பானியமும் அவர்களின் தாய்மொழிகள் அல்ல. ‘இத்தாலோ டிஸ்கோ’ என்ற பெயரும் இத்தாலியில் பிறந்ததன்று. ஒரு ஜெர்மானிய இசைத்தட்டு நிறுவனம் தன் தொகுப்புகளை விற்பதற்காகப் பரப்பியது. எனினும் இத்தாலிய வெகுமக்கள் இசையின் வரலாற்றை எழுதுவோர், இவர்கள் இத்தாலிய மொழியில் பாடவில்லை என்பதற்காக இவர்களைத் தள்ளிவைப்பதில்லை. ஒரு சமூகம் தன் மொழியைக் கடந்து பாட நேர்ந்த காரணமும் அச்சமூகத்தின் வரலாறே.

நம்மிடையே சொல்லின் மொழியே இசையின் அடையாளம் என்ற அளவுகோல் வலுப்பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. 1943இல் அண்ணாமலைச் செட்டியார் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவியபோது, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்கள் கடைசித் ‘துக்கடா’வாக ஒதுக்கப்பட்டிருந்தன. தமிழில் பாடு என்ற கோரிக்கை அன்று நீதியின் குரல். ஆனால் தமிழகத்தில் ஒரு குறிப்பிட்ட ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த அளவுகோலை, அரை டஜன் மொழிகளுக்கிடையே வாழும் மும்பைத் தமிழர் மீது அப்படியே வைப்பது பொருந்துமா?

இன்னொன்றும் உண்டு. அந்த அளவுகோலை நாம் எல்லோர் மீதும் ஒன்றுபோல் வைப்பதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாடப்படும் தியாகராசர் கீர்த்தனைகள் தெலுங்கில் அமைந்தவை. தீட்சிதரின் கிருதிகள் பெரும்பாலும் வடமொழியில் அமைந்தவை. அவற்றைக் கேட்கும் அவைகளை மும்பைத் தமிழரின் பண்பாட்டு மையங்கள் என்று எழுத நமக்குத் தயக்கமில்லை. தெலுங்குக் கீர்த்தனை தமிழரின் பண்பாடாக ஏற்கப்படும்போது, தமிழ்ப் பெண் பாடிய ஆங்கிலப் பாடலும் தாராவி இளைஞர் பாடும் இந்தி ராப்பும் ஏன் ஏற்கப்படுவதில்லை? வாயில் நின்று தடுப்பது மொழி அன்று, மதிப்பு. இரவு விடுதி மதிப்பற்ற இடமாகக் கருதப்பட்டது. சேரியும் அவ்வாறே கருதப்பட்டது. முதலாவதில் பாடியவர் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவராயினும் அவரால் அந்த வாயிலைக் கடக்க இயலவில்லை. இரண்டாவதில் சாதியும் வகுப்பும் சேர்ந்து கதவைத் தாழிடுகின்றன.

இந்த மதிப்பீடு தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1983இல் மேற்கு வங்கத்தின் பொதுப்பணித்துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப்பின் பாடல்களை ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது சீர்கெட்ட பண்பாடு என்று சாடினார். அரசு அரங்குகள் அவருக்கு மூடப்பட்டன. உஷா நீதிமன்றம் சென்று வென்றார். தடை விதித்தவர் இடதுசாரி அரசின் அமைச்சர் என்பதைக் கவனிக்க வேண்டும். வெகுமக்கள் இசையை மக்களின் பெயராலேயே ஒதுக்குவதும் எளிதாக நிகழக்கூடியது.

இரண்டாவது பயணம் தாராவியில் தொடங்குகிறது. 2010களின் தொடக்கத்தில் டோனி செபாஸ்டியன், ராஜேஷ் ராதாகிருஷ்ணன் முதலிய இளைஞர்கள் டோப்படெலிக்ஸ் என்ற ராப் குழுவை உருவாக்கினர். மேடையில் முன்னவர் ஸ்டோனி சைக்கோ, பின்னவர் டோப் டாடி. ஆங்கிலம், இந்தி, மராத்தி, தமிழ் ஆகிய மொழிகளைத் தெரு பேசுவது போலவே கலந்து பாடினர். காவல்துறையின் கெடுபிடியை மராத்தியில் பாடிய அவர்களின் பாடல் பரவலாகக் கேட்கப்பட்டது. அதே தெருக்களிலிருந்து செவன் பந்தாய்ஸ் முதலிய வேறு குழுக்களும் எழுந்தன. காவலரிடம் முறையிட மராத்தி, நகரத்துடன் பேச இந்தி, வீட்டின் நினைவுக்குத் தமிழ், உலகத்தை நோக்கி ஆங்கிலம். இதை மொழிக்கலப்பு என்று குறைகூறுவோர் தாராவியின் 90 அடிச் சாலையில் ஒரு மாலை நடந்து பார்க்கலாம். அங்குள்ள பேச்சையே அவர்கள் தாளத்தில் அமைத்தனர்.

அவர்களின் பயணத்தில் 2018 ஒரு திருப்பம். பா. இரஞ்சித் இயக்கிய ‘காலா’வுக்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன், தாராவிக் கதைக்குத் தாராவியின் குரல் வேண்டும் என்று டோப்படெலிக்ஸை அழைத்தார். ‘செம்ம வெயிட்டு’, ‘தெருவிளக்கு’ ஆகிய பாடல்களின் வரிகளில் அவர்களுக்குப் பங்குண்டு. இதன் முக்கியத்துவத்தை உணர 1987இன் ‘நாயகன்’ படத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவும் தாராவித் தமிழரின் கதைதான். அதன் இசை இளையராஜாவின் பேராற்றலில் விளைந்தது. ஆனால் அந்தப் பாடல்களை எழுதியோரும் பாடியோரும் சென்னைத் திரையிசை உலகத்தினர். தாராவி அங்கு பாடப்படும் இடமாக மட்டுமே இருந்தது. 31 ஆண்டுகளுக்குப் பின் தாராவி தானே எழுதியது, தானே பாடியது.

அடுத்த ஆண்டு, 2019 பிப்ரவரியில், ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ வெளிவந்தது. அப்படத்துக்கு ஊக்கமளித்த ராப் கலைஞர்கள் இருவரில் நேஸி குர்லாவைச் சேர்ந்தவர். டிவைன் அந்தேரியைச் சேர்ந்தவர். கதையோ தாராவியில் நிறுத்தப்பட்டது. படத்தின் கலைத்தரம் வேறு விவாதம். நமக்குரிய கேள்வி வேறு. குர்லாவும் அந்தேரியும் தந்த வாழ்க்கைகளுக்குத் தாராவி பின்புலமாகத் தேவைப்பட்டது; ஆனால் தாராவியின் தமிழ் வாழ்வு அந்தக் கதையின் மையத்தில் தேவைப்படவில்லை. படத்துக்குப் பின் நாடெங்கும் ‘கல்லி ராப்’ என்ற பெயர் நிலைத்தது. இத்தாலியரின் இசைக்கு ஜெர்மானியச் சந்தை ஒரு பெயரை நிலைநிறுத்தியது போன்றதே இதுவும். பெயரை நிலைநிறுத்துபவர், எது அந்தப் பெயருக்குள் அடங்கும் என்பதையும் முடிவு செய்கிறார். டோப்படெலிக்ஸின் தமிழ் அந்தப் பெயரின் விளிம்பில்தான் நிற்கிறது.

அதே படத்தின் ‘இந்தியா 91’ பாடலில் வேறொரு செய்தி இருக்கிறது. அதற்கு இசையமைத்தவர் மும்பையைச் சேர்ந்த மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன். ‘தா தோம்’ என்ற தம் திட்டத்தின் வழியே, கொன்னக்கோலின் சொற்கட்டுகளை மும்பையின் ராப் இளைஞர்களுக்குக் கற்பித்து, இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியவர். சபை மேடையின் தாளக் கணக்கும் தெருவின் சொல்வேகமும் ஒன்றோடொன்று பேசக்கூடியவை என்பதைக் கலைஞர்கள் செய்து காட்டிவிட்டனர். மாட்டுங்காவையும் தாராவியையும் பிரிக்கும் இருப்புப்பாதையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம் போதும். நம் ஆய்வுத் தலைப்புகளோ இன்னும் பாதையின் இருபுறமும் தனித்தனியே நிற்கின்றன.

இனி, ஏன் இப்போதே என்ற கேள்விக்கு வருகிறேன். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைச் சான்றுகளுடன் மெய்ப்பிப்போர்க்கு மட்டும் தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பின் வந்தோரும் மேல்தளங்களில் வசிப்போரும் நகரின் வேறு பகுதிகளுக்கு மாற்றப்படுவர். இத்திட்டத்தின் நன்மை தீமைகளை நகரியல் ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். இசை வரலாற்று மாணவர்க்கு இதில் ஒரு தெளிவான செய்தி உண்டு. ராப் குழு என்பது தனிமனிதரின் திறமை மட்டும் அன்று. ஒரு சந்தில் ஐந்து வீடுகளில் வசிக்கும் ஐந்து இளைஞர். இரவில் கூடும் மொட்டைமாடி. பாடலை முதலில் கேட்டுத் தலையசைக்கும் அண்டை வீட்டார். இந்த ஐவரில் இருவர் ஓரிடத்துக்கும் மூவர் வேறிடத்துக்கும் சென்றுவிட்டால் குழு இராது. பெயர் மட்டும் இருக்கும்.

இவ்விசை எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். உஷா உதுப்பின் பாடல்கள் இசைத்தட்டுகளாக வந்தன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்கள் இசைத்தட்டுகளைப் பேணும் முறையை அறியும். தாராவி ராப்பின் பெரும்பகுதி யூடியூபில் இருக்கிறது. கணக்கு முடக்கப்பட்டால், உரிமைக் கோரிக்கை எழுந்தால், கலைஞரே வேலை தேடும்போது சங்கடப்பட்டு நீக்கிவிட்டால், அப்பாடல் இல்லை. எழுதியவர் யார், எந்த வரி எம்மொழியில், எந்தக் கைப்பேசியில் அல்லது எந்த அறையில் பதிவானது என்ற விவரங்கள் அங்கு ஒருபோதும் எழுதப்படவே இல்லை.

தில்லியின் ஹிப்-ஹாப் இளைஞரைப் பற்றி கேப்ரியல் தத்தாத்ரேயன் 2020இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். தாராவியின் வாழ்வைக் கல்பனா சர்மா 2000இலேயே நூலாக்கினார். இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுள்ள இடத்தை நிரப்பும் தகுதி, தமிழும் மராத்தியும் பம்பாய் இந்தியும் ஒருசேரத் தெரிந்த நம் மாணவர்க்கே உரியது. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆய்வு மாணவர் பலர், தம் பகுதியின் இசையை ஆய்வுக்குத் தகுதியற்றது என்று எண்ணி, சங்க இலக்கியத்தில் இசைக்கருவிகள் என்ற தலைப்பைத் தேர்ந்துகொள்கின்றனர். சங்க இலக்கியம் காத்திருக்கும். மொட்டைமாடி காத்திராது.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. தாராவியை ஏற்கெனவே எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திவிட்டனர்: திரைப்படம், ஆவணப்படம், சுற்றுலா, தொண்டு நிறுவனம். ஆய்வாளரும் அந்த வரிசையில் சேர வேண்டுமா? அம்மக்களுக்கு இதனால் என்ன கிடைக்கும்? இந்த ஐயம் நியாயமானது. அதற்கு விடை ஆய்வைக் கைவிடுவதன்று, செய்யும் முறையை மாற்றுவது. பதிவின் ஒரு படி கலைஞரிடமே இருக்க வேண்டும். பாடலாசிரியர் பெயர் அவர் விரும்பும் வடிவில் இடம்பெற வேண்டும். நேர்காணலுக்குச் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் வேண்டும். தொகுப்பு சென்னைக் காப்பகத்தில் மட்டும் அடைபடாமல், சயானில் உள்ள மும்பைத் தமிழ்ச் சங்கம் போன்ற உள்ளூர் அமைப்பிலும், தாராவிக்குள் இளைஞர் எளிதில் நுழையக்கூடிய ஓரிடத்திலும் கிடைக்க வேண்டும். தான் எப்படி அழைக்கப்பட வேண்டும் என்பதைக் கலைஞரே சொல்லட்டும்: கல்லி ராப்பரா, தமிழ் ராப்பரா, தாராவிக்காரரா, வேறு எதுவுமா?

செய்ய வேண்டியது பெரும் நிதி கோரும் பணி அன்று. இப்பதிவைப் படிக்கும் முதுகலை மாணவர்களில் ஐவர் ஒரு பருவ விடுமுறையை ஒதுக்கினாலே தொடக்கம் அமையும். ஒருவர் மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் 1970களின் கல்லூரி விழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் மேற்கத்திய இசை வாசித்த தமிழர்களைத் தேடட்டும். அவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் விடுதி விளம்பரங்களுக்காக அக்கால நாளேடுகளைப் புரட்டட்டும். மூவர் தாராவிக்குச் செல்லட்டும்: பாடல் வரிகளை அவற்றை எழுதியவர் வாயால் கேட்டுப் படியெடுத்து, எந்த வரி எம்மொழி, ஏன் அந்த இடத்தில் அம்மொழி என்று கேட்டுக் குறிக்கட்டும். அக்குறிப்புகளிலிருந்து கிடைப்பது பாடல் பட்டியல் மட்டுமன்று. ஒரு பெருநகரத்தில் சிறுபான்மை மொழி ஒன்று எவ்வாறு உயிர்வாழ்கிறது என்பதற்கான மொழியியல் சான்று அது.

மேற்பார்வையாளர்களாக உள்ள பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாணவர் தயங்கித் தயங்கி ‘டிஸ்கோ’ என்றோ ‘ராப்’ என்றோ ஒரு தலைப்பை உங்கள் முன் வைக்கும்போது, ‘இதில் தமிழ் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியோடு அதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதே கேள்வியை ஆய்வுச் சிக்கலாக எழுதிவரச் சொல்லி, தலைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.